தராசும் புளியங்கொட்டையும்

திருச்சி தில்லை நகரில் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல்தான் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். மற்ற நாட்களில் பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டை, கரூர் சனம் பாதி இந்த கிராஸ்களில்தான் டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்கும். தெருவுக்குத் தெரு கிளினிக், ஸ்கேன் சென்டர், லேப், மருந்துக்கடை. அந்தக் கூட்டம் ஓய்ந்த ஞாயிறு மதியங்களில், மாதம் ஒருமுறை, எங்கள் கிளினிக்கின் காத்திருப்புக் கூடத்தில் நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டுப் பாய் விரிக்கிறோம். பி.கே.யு. உள்ள பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் வருகிறார்கள். நான் இங்கே உணவியல் ஆலோசகர்.

பி.கே.யு. என்றால் ஃபீனைல்கீட்டோனூரியா. நாம் சாப்பிடும் பாலிலும் பருப்பிலும் சோற்றிலும் உள்ள புரதத்தில் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் உண்டு. கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி அதை டைரோசினாக மாற்றுகிறது. அந்த நொதி வேலை செய்யாமல் பிறந்த குழந்தைக்கு ஃபீனைல்அலனின் ரத்தத்தில் தேங்கி, வளர்கிற மூளையைக் கெடுக்கிறது. இதற்குப் பெரும்பாலும் சாப்பாடுதான் மருத்துவம். பால், பருப்பு, முட்டை, மீன், கறி எதுவும் கூடாது. சோறும் அளந்துதான். உடம்பு வளரத் தேவையான புரதத்தை, ஃபீனைல்அலனின் நீக்கிய அமினோ அமிலப் பவுடராகக் கரைத்துக் குடிக்க வேண்டும். தினமும் மூன்று வேளை, ஆயுசு முழுக்க. எந்தத் தாய் வந்தாலும் "பருப்பு போடுங்க, முட்டை குடுங்க, ஒரு டம்ளர் பால் குடுங்க" என்று சொல்வது என் தொழில். இந்த வீடுகளில் மட்டும் அந்த மூன்றையும் பிள்ளையின் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்கிறேன்.

இது அரிய நோய். பி.கே.யு. குடும்பங்களை மட்டும் கூப்பிட்டால் ஒரு பாய்கூட நிறையாது. ஆகவே புரதத்தை அளந்து சாப்பிட வேண்டிய வேறு பிறவிக் குறைபாடுகள் உள்ள பிள்ளைகளும் எங்களோடு உண்டு. மேப்பிள் சிரப் நோய் என்று பாடப்புத்தகத்தில் பெயர் பெற்றது அவற்றில் ஒன்று. மேப்பிள் பாகை முகர்ந்தே பார்க்காத நம்மூர் அம்மா, "புள்ள மூத்திரம் வெந்தயமா மணக்குது" என்பார். அவர் சொல்வது சரி. வெந்தயத்துக்கு மணம் தரும் சோட்டலோன் என்ற பொருள்தான் அந்தச் சிறுநீரிலும் இருக்கிறது.

ஏன் கூட்டமாக? தனித்தனியாகப் பார்த்த காலத்தில் என் மேசைக்கு எதிரே அம்மா உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். சார்ட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்வார். ஆனால் அந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது அப்பாயி. மிட்டாய் வாங்கித் தருவது தாத்தா. முட்டை வைப்பது சத்துணவுக் கூடம். கையில் பிரசாதம் தருவது கோயில். இவர்களில் ஒருவர்கூட என் அறைக்குள் வந்ததில்லை. ரத்தத்தில் அளவு ஏறும்போது மட்டும் எல்லாரும் அந்த அம்மாவைத்தான் கேட்டார்கள். கூட்டம் ஆரம்பித்தபோது நாங்கள் போட்ட முதல் நிபந்தனை, வீட்டில் யார் ஊட்டுகிறார்களோ அவர் வர வேண்டும் என்பது. அப்பாயிகளும் அம்மாயிகளும் வந்த பிறகுதான் விஷயம் நகர்ந்தது.

வந்ததும் முதல் வேலை பவுடர். அதன் வாடை பழகாதவர்களுக்கு உடனே முகம் சுளிக்கும். கசப்பும் உண்டு. வீட்டில் ஒரு டம்ளரைக் குடிக்க வைக்க ஒரு மணி நேரம் மல்லுக்கட்டும் பிள்ளை, இங்கே வட்டமாக உட்கார்ந்து பெரிய பையன் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணியதும் மற்றவர்களோடு சேர்ந்து டம்ளரைத் தூக்கிவிடுகிறது. தன்னைத் தவிர உலகத்தில் யாரும் இதைக் குடிப்பதில்லை என்று நினைத்திருந்த பிள்ளைக்கு, சுற்றிலும் அதே வாடை வரும் டம்ளர்கள் இருப்பதே பெரிய ஆறுதல். புதுக்கோட்டைப் பக்கத்து அம்மா ஒருவர் நன்னாரி சர்பத்தில் ஐஸ் போட்டு அதில் பவுடரைக் கலக்கிக் கொண்டுவந்தார். நன்னாரிப் பாகில் புரதம் இல்லை. குளிர்ச்சியும் மணமுமாக வாடையை அமுக்கிவிடுகிறது. எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத யோசனை அது. அடுத்த மாதம் பாதிப் பேர் கையில் நன்னாரி.

அடுத்தது தராசு. ஒரு கிராம் வரை காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசு. நம் அம்மாக்களுக்குச் சமையல் கண்ணளவு, கைப்பிடி, ஒரு சிட்டிகை. இந்தக் குழந்தைகளின் உயிர்க்கணக்கோ கிராமில் இருக்கிறது. ஒரு கிராம் புரதத்தில் ஏறக்குறைய 50 மில்லிகிராம் ஃபீனைல்அலனின் என்று வைத்துக்கொள்கிறோம். கடுமையான வகை உள்ள ஒரு பள்ளிப்பிள்ளைக்குச் சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்கு 5, 6 கிராம் புரதமே அனுமதி என்று வரலாம். ஒரு முட்டை தின்றால் அன்றைய கணக்கு அத்தோடு தீர்ந்தது. ஒரு டம்ளர் பாலுக்கும் அதே கதை. 100 கிராம் பச்சரிசியில் 8 கிராம் வரை புரதம். அதனால்தான் சோற்றையும் நிறுக்கிறோம். இதற்கெல்லாம் என் மேசைமேல் இருப்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப்பொருள் அட்டவணை. நம்மூர்க் கீரை, கிழங்கு, பழங்களுக்கு அமினோ அமிலம் வரை கணக்கு போட்டிருக்கிறார்கள். அதைத் தயாரித்தவர்களுக்கு இந்தக் குடும்பங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது.

பிள்ளைகளுக்கு இதைப் பாடமாக நடத்தினால் ஓடிவிடுவார்கள். அதனால் விளையாட்டு: கிண்ணத்தில் சோறு வைத்து எத்தனை கிராம் என்று கேட்போம். யார் சொன்னது தராசுக்குக் கிட்ட வருகிறதோ அவர்களுக்கு ஒரு பென்சில். உறையூரிலிருந்து வரும் ஒரு சிறுமி இதில் எல்லாரையும் தோற்கடிப்பாள். இரண்டு மூன்று கிராம் வித்தியாசத்தில் சொல்லிவிடுவாள். கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் யார் தராசு கொண்டுபோய் வைக்க முடியும்? அந்தக் கண்தான் அவளுக்குத் துணை.

இந்தத் தொழிலில் எனக்குப் பெருமகிழ்ச்சி தந்த பொருள் ஜவ்வரிசி. மேல்நாடுகளில் புரதம் குறைத்த மாவு, ரொட்டி, பாஸ்தா எல்லாம் தனியாகத் தயாரித்து விற்கிறார்கள். இங்கே இறக்குமதி செய்தால் அந்த விலை கட்டுப்படியாகாது. ஆனால் திருச்சியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய சேலம், ஆத்தூர் வட்டாரத்தில் மரவள்ளியிலிருந்து மூட்டை மூட்டையாக ஜவ்வரிசி தயாராகிறது. 100 கிராமில் அரை கிராம் புரதம்கூடக் கிடையாது. வயிறு நிறையும், தெம்பு கிடைக்கும், கணக்கில் ஏறாது. காந்தி மார்க்கெட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஜவ்வரிசி உப்புமா, ஜவ்வரிசி தோசை, வடாம், தேங்காய்ப்பாலை அளந்து ஊற்றிய பாயசம் என்று அம்மாக்கள் போட்டி போட்டுச் செய்துகொண்டு வருகிறார்கள். உளுந்து இல்லாமல் இட்லி எழும்பவில்லை என்பதுதான் பலருடைய குறை. அதற்கு ஒருவர் ஆப்பசோடா சேர்த்துப் பார்க்கிறார், ஒருவர் வெண்டைக்காய் வழுவழுப்பைச் சேர்த்துப் பார்க்கிறார். இன்னும் சரியாக வரவில்லை. நெய், எண்ணெய், வெல்லம், சர்க்கரை தாராளம். பழங்களில் பெரும்பாலானவை நல்லவை.

இத்தனை இருந்தும் எங்கள் ஊரில் இந்தப் பிள்ளைகளை வளர்ப்பது லேசில்லை. காரணம் ஊர் நிறைந்த பண்டிகை. நவராத்திரியில் ஒன்பது நாளும் சுண்டல். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 8, 9 கிராம் புரதம். ஸ்ரீரங்கத்து வீடுகளில் அக்காரவடிசில் பாலில்தான் வேகும். மார்கழியில் எந்தத் தெருவில் நடந்தாலும் தொன்னையில் பாசிப்பருப்புப் பொங்கல் கைக்கு வந்துவிடும். சாமி பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லப் பிள்ளைக்கு வாய் வராது, பெரியவர்களுக்கு மனசு வராது. இதற்காகவே ஒரு நாடகம் வைத்தோம். பெரிய பிள்ளைகள் குருக்களாக, கிளாஸ் மிஸ்ஸாக, பிறந்தநாள் சாக்லேட் நீட்டும் சிநேகிதனாக, "ஒரு வாய்தான்டா கண்ணு" என்று கெஞ்சும் பெரியம்மாவாக நடிப்பார்கள். சின்னவர்கள் ஒவ்வொருவரிடமும் எப்படி மறுப்பது என்று பழக வேண்டும். மிஸ்ஸிடம் ஒரு விதம், நண்பனிடம் ஒரு விதம். பிரசாதத்துக்கு ஒரு அம்மாயி வழி சொன்னார்: "ரெண்டு கையிலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்க. அப்புறம் அம்மா கையில குடுத்துரு. சாமிக்கு மரியாத போயிராது." இன்றுவரை எங்கள் பிள்ளைகள் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள்.

அதே அம்மாயிதான் சமயபுரத்தையும் எடுத்துச் சொன்னவர். மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதலில் தொடங்கி 28 நாள் மாரியம்மனே பச்சைப் பட்டினி கிடக்கிறாள். அந்த நாட்களில் அவளுக்கு வழக்கமான தளிகை கிடையாது, துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர்தான் நிவேதனம். "ஆத்தாவே நம்ம புள்ளைங்களுக்காக வாயக் கட்டுறா, நீ கட்ட மாட்டியா?" என்று தன் பேரனிடம் கேட்டார். நான் நூறு தடவை விளக்கியும் ஏறாதது அந்த ஒரு கேள்வியில் ஏறிவிட்டது. குழுவில் கிறித்தவ, இஸ்லாமியக் குடும்பங்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தவக்காலமும் நோன்பும் பேச்சுக்கு உதவின.

பண்டிகையைத் தவிர்ப்பதைவிட நமக்கு ஏற்றபடி கொண்டாடுவது மேல் என்பதும் அம்மாக்களின் முடிவுதான். ஆடிப்பெருக்கு அன்று அம்மா மண்டபத்தில் கலந்த சாதங்களோடு ஊரே ஆற்றங்கரைக்கு வரும். எங்கள் குடும்பங்களும் போனார்கள். எலுமிச்சை, புளி, மாங்காய் என்று எல்லாம் ஜவ்வரிசியில். தாளிப்பில் கடலை, பருப்பு இல்லை, கடுகும் மிளகாயும் பெருங்காயமும் தூக்கலாக. பக்கத்தில் உட்கார்ந்திருந்த குடும்பம் ஒன்று ருசி பார்த்துவிட்டுச் செய்முறை கேட்டது. பிள்ளைகள் அன்று யாரிடமும் எதையும் மறுக்க வேண்டியிருக்கவில்லை. பஞ்சு மிட்டாய்கூட வெறும் சர்க்கரை என்பதால் இவர்களுக்கு ஆகும். 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி சாயத்துக்காகத் தமிழக அரசு அதைத் தடை செய்தபோது எங்கள் வாண்டுகளுக்குத்தான் வருத்தம் அதிகம். தடை சரியானதுதான், ஆனால் திருவிழாக் கடையில் இவர்கள் தயங்காமல் கை நீட்டக்கூடியவை எண்ணி நாலைந்துதான்.

இந்த நோயின் வரலாற்றைக் கூட்டத்தில் நான் விரும்பிச் சொல்வேன், ஏனென்றால் அதில் தாய்மார் இருக்கிறார்கள். நார்வேயில் ஒரு தாய் தன் இரண்டு பிள்ளைகளுக்கும் ஏன் மூளை வளரவில்லை, ஏன் உடம்பில் ஒரு மட்கிய வாடை என்று ஆண்டுக்கணக்கில் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டே இருந்தார். 1934-இல் அஸ்பியோர்ன் ஃபோலிங் அந்தப் பிள்ளைகளின் சிறுநீரை ஆராய்ந்து விடை சொன்னார். இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில் இன்னொரு தாய், ஹோர்ஸ்ட் பிக்கலின் ஆய்வுக்கூட வாசலில் காலைதோறும் நின்று, "பெயர் சொல்லிவிட்டீர்கள், மருந்து எங்கே?" என்ற கேள்வியை விடாமல் கேட்டார். பிக்கல் குழுவினர் ஃபீனைல்அலனின் நீக்கிய உணவைத் தயாரித்துக் கொடுத்தார்கள். தன் பாட்டுக்கு அழுதுகொண்டிருந்த அந்தத் தாயின் சிறுமகள் தவழவும் நிற்கவும் தொடங்கினாள். 1953-இல் அந்தச் செய்தி வெளியானது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி, பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தைக் காகிதத்தில் ஒற்றிக் கண்டுபிடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதன் பிறகு பல நாடுகளில் இந்த நோயால் மூளை கெட்ட பிள்ளையைப் பார்ப்பதே அரிதாயிற்று.

நம்மிடம் அப்படியில்லை. எங்கள் குழுவில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவர். மூத்தவனுக்கு நாலு வயதுக்கு மேல்தான் நோய் தெரிந்தது. பேச்சு வரவில்லை, வலிப்பு உண்டு. இளையவனுக்குப் பிறந்த வாரத்திலேயே பரிசோதனை செய்து உணவைத் தொடங்கிவிட்டார்கள், மூத்தவன் இருந்ததால். இளையவன் மூன்றாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறான். இருவருக்கும் இருப்பது ஒரே மரபணுக் கோளாறு. மூத்தவன் கைக்குழந்தையாக இருந்தபோது நல்ல சிவப்பாக, முடி செம்பட்டையாக இருந்தான். மெலனின் உண்டாக டைரோசின் வேண்டும். அது குறைந்தால் தோலும் முடியும் வெளுக்கும். "எங்க வம்சத்துல யாருக்கும் இல்லாத கலர்னு தெருவே வந்து பார்த்துச்சு மேடம்" என்று அந்த அம்மா சொன்னபோது கூடத்தில் இன்னும் இரண்டு அம்மாக்கள் தலைகுனிந்தார்கள். அவர்கள் வீட்டிலும் அதே கதை. வெள்ளைத் தோலைக் கொண்டாடும் நம் பழக்கம் இத்தனை பிள்ளைகளின் முதல் அறிகுறியை மறைத்திருக்கிறது.

மூத்தவனைக் கூட்டத்துக்கு அழைத்துவரலாமா என்று எங்களுக்குள் ஒரு பேச்சு வந்தது. கைக்குழந்தையோடு புதிதாக வருகிறவர்கள் அவனைப் பார்த்து மிரண்டுபோகிறார்கள் என்று ஒருவர் தயங்கினார். அந்த அம்மா காதில் இது விழுந்தது. "அவன் வரலன்னா நாங்க யாருமே வரல" என்றார். அவன் வருகிறான். தராசில் சிவப்பு எண்கள் மாறுவதைப் பார்ப்பது அவனுக்குப் பிடிக்கும். தாமதமாகத் தொடங்கினாலும் உணவுமுறையால் அவனுடைய ஆவேசம் தணிந்தது, தூக்கம் வந்தது. புதிதாக வரும் தாயிடம் மறைக்காமல் பேச வேண்டியதை அவன் அம்மாவே பேசுகிறார். என்னைவிட நன்றாகவே.

பாட்டிகளிடம் மிகக் கடினமாக இருந்தது, நோய் எப்படி வந்தது என்பது. பெரும்பாலும் பழி மருமகள் மேல். நம் பக்கத்தில் அக்கா மகளைக் கட்டுவதும் அத்தை மகன், மாமன் மகளைக் கட்டுவதும் வழக்கம். ஒரே பழுது இரண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு கூடுகிறது. இதை வரைபடம் போட்டு விளக்கினால் யாருக்கும் ஏறவில்லை. தாயம் ஆடப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்குவார்களே, அதைக் கொண்டுவந்தோம். அப்பா கையில் ஒரு கொட்டை, அம்மா கையில் ஒரு கொட்டை. கறுப்பு நல்ல மரபணு, வெள்ளை பழுதானது. இரண்டையும் சேர்த்து உருட்டினால் நாலில் ஒரு வாய்ப்பு இரண்டும் வெள்ளையாக விழ. அந்தப் பிள்ளைக்கு நோய். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு என்றால் தாய் தகப்பனைப் போலப் பழுதைச் சுமக்குமே தவிர நோய் வராது. ஒரு அப்பாயி திரும்பத் திரும்ப உருட்டிப் பார்த்தார். ஒருமுறை வெள்ளை விழுந்ததால் அடுத்த மூன்றும் கறுப்பாகத்தான் விழும் என்று கணக்கில்லை, ஒவ்வொரு உருட்டும் புதுசு என்பது அவருக்கே பிடிபட்டது. பிறகு மகன் முகத்தையும் மருமகள் முகத்தையும் பார்த்து, "அப்ப ரெண்டு வீட்டுக் கொட்டையும் சேர்ந்துதானா" என்றார். அந்த மருமகள் அன்று அழுதது நிம்மதியில். மரபணுவில் பழுது எங்கே என்று கண்டறிந்துவிட்டால் அடுத்த கர்ப்பத்தில் மூன்றாம் மாதவாக்கிலேயே பரிசோதிக்க முடியும் என்பதையும் அப்போதுதான் காதுகொடுத்துக் கேட்டார்கள்.

பவுடர்தான் இன்னும் பெரிய கவலை. வெளிநாட்டு டின் ஒன்றே ஆயிரக்கணக்கில். 2021 மார்ச்சில் வந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் சிறப்பு உணவால் பராமரிக்கக்கூடிய நோய்களின் வரிசையில் பி.கே.யு. இருக்கிறது. 2022-இல் உயர்சிறப்பு மையங்களில் பதிந்தவர்களுக்கு உதவித்தொகை வரம்பு 50 லட்சம் ரூபாய் வரை உயர்ந்தது. 2023 ஏப்ரல் முதல், அந்தப் பட்டியலில் உள்ள நோய்களுக்காகத் தனிநபர் வரவழைக்கும் மருந்துக்கும் சிறப்பு உணவுக்கும் அடிப்படைச் சுங்கவரி இல்லை. இவையெல்லாம் நல்லவை. ஆனால் விண்ணப்பம், சான்றிதழ், அப்படியொரு மையம் உள்ள பெங்களூருக்குப் பயணம் என்று ஒரு கூலி வேலைக்காரர் அலைவதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் கூட்டத்தில் ஒரு மணி நேரம் இந்தப் படிவங்களை நிரப்புவதற்கே போகிறது. ஏற்கெனவே அலைந்தவர் புதியவருக்கு நிரப்பிக் கொடுக்கிறார். பக்கத்துக் கேரளத்தில் அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்குச் செய்யும் பரிசோதனையில் பி.கே.யு.வும் அடக்கம். சொந்தத்தில் மணமுடிப்பது இவ்வளவு பரவலாக உள்ள தமிழ்நாட்டில் ஒவ்வொரு பிரசவ வார்டிலும் அது நடக்க வேண்டும். எங்கே வாய்ப்பு கிடைத்தாலும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முன்பு எண்ணிக்கை சொல்லிப் பவுடர் குடிக்க வைத்த பிள்ளைகளில் ஒருத்தி இப்போது கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். போகும் முன் கூட்டத்தில் எழுந்து, எல்லார் முன்னாலும் கேட்டாள்: "எனக்குக் கல்யாணம் ஆகி, குழந்தை உண்டானா என்ன செய்யணும்?" அவள் அம்மா முகம் சிவந்தது. மற்ற பெண்பிள்ளைகளின் அம்மாக்கள் பாயில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். குழந்தைக்கு நோய் இல்லாவிட்டாலும், தாயின் ரத்தத்தில் ஃபீனைல்அலனின் கூடினால் வயிற்றில் இருக்கும் சிசுவின் மூளையும் இதயமும் பாதிக்கும். கருத்தரிக்கும் முன்பிருந்தே அளவை லிட்டருக்கு 360 மைக்ரோமோலுக்குக் கீழே, நம் லேப் கணக்கில் டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 6 மில்லிகிராமுக்குக் கீழே, வைத்திருக்க வேண்டும் என்று எங்கள் கிளினிக் மருத்துவர் சொன்னார். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். மெஸ்ஸில் பேசித் தனக்கு ஒரு ஜவ்வரிசி டப்பா வைக்க ஏற்பாடு செய்திருக்கிறாள். விரலில் தானே குத்தி, காகித வட்டங்களில் ரத்தத்தை ஒற்றி, வெயில் படாமல் மூன்று நான்கு மணி நேரம் காயவைத்துக் கூரியரில் அனுப்புகிறாள். எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வந்து, பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதை எப்படிச் செய்வதென்று சொல்லிக்கொடுப்பது இப்போது அவள் பொறுப்பு.